ரப்பர் தோட்டத்து யுனிவர்சிட்டி

கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நல்ல சுகம். அப்பாயிக்கு இருமல் குறைந்ததா? போனில் லைன் விட்டு விட்டுப் போவதால் சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். தம்பி சத்தமாக வாசிக்கட்டும், அப்பாயிக்கும் கேட்கும்.

“உன் யுனிவர்சிட்டி எவ்வளவு பெரிசு?” என்று அப்பா கேட்டீர்கள். நம் தோட்டத்தில் மேல் டிவிசனிலிருந்து கீழ் டிவிசனுக்குப் போகிற மாதிரிதான். உள்ளேயே பஸ் ஓடுகிறது. முதல் வாரம் அவசரத்தில் பஸ் மாறி ஏறி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஏறின இடத்திலேயே வந்து இறங்கினேன். டிரைவர் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்வது!

மலாயா பல்கலைக்கழகம்தான் இந்த நாட்டிலேயே பழையது. 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்குச் சொல்கிறார்கள். 1949இல் பல்கலைக்கழகம் ஆனது, 1959இல் கோலாலம்பூருக்கு ஒரு கிளை வந்தது, 1962இல் இது தனியாகப் பிரிந்தது. சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, குளம் இருக்கிறது, ரயில் ஸ்டேசன் பெயரிலேயே யுனிவர்சிட்டி இருக்கிறது. நம் இலங்கையின் பேராதனை யுனிவர்சிட்டி மாதிரி அழகு என்று சொல்ல மாட்டேன். வெக்கை தாங்கவில்லை. நம் ஊர்க் குளிரைத் திட்டியதற்கெல்லாம் இப்போது வருத்தப்படுகிறேன்.

எனக்குப் பிடித்த இடம் ரிம்பா இல்மு. அறிவுக்காடு என்று அர்த்தமாம். வளாகத்துக்குள்ளேயே 80 ஹெக்டேரில் தாவரவியல் தோட்டம், நம் கணக்கில் ஏறக்குறைய 200 ஏக்கர். 1974இல் அமைத்தது. அதற்கு முன் அது ரப்பர் தோட்டம்! போன வாரம் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தின் பக்கத்தில் நின்று இலைகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டையில் பால் வெட்டிய தழும்பு சாய்வாக, ஆறிப்போன காயம் போல வீங்கிக் கிடந்தது. மேலே காய் ஒன்று வெயிலில் ‘டப்’ என்று வெடித்துக் கொட்டை என் காலடியில் விழுந்தது. பயந்தே போனேன்.

என் கூட்டாளியின் பாட்டி பால் வெட்டியவர். விடியுமுன்னே பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போன கதை சொன்னார். ஆமாம் அப்பாயி, இங்கேயும் பிரட்டுத்தான்! கங்காணியும் துரையும் கூட அதே மாதிரி.

இன்னொன்று. இங்கே இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1956இல் வந்த துறை. அதற்கு நூல்கள் வாங்க, தமிழ் முரசு பத்திரிகை நடத்திய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினாராம். சாதாரணத் தமிழ் ஜனங்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த காசு அது. சம்பள நாளில் கடைக் கடனைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? அதிலிருந்தும் இந்த ஊர்க் காசு ஒரு வெள்ளியை எடுத்து வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான் வருகிறது. பிறகு அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் நம் நாட்டுத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். பேராதனையில் படிப்பித்துவிட்டு இங்கே வந்தவர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் இதை ஒரு வரியில் படித்து மறந்திருந்தேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. தேத்தண்ணிதான் சரியில்லை, பாலும் சீனியுமாக ஒரே திகட்டல். யாராவது வந்தால் அரைக் கிலோ தூள் கொடுத்துவிடுங்கள், பிளேன்டி குடித்து எத்தனை நாளாயிற்று.

அப்புறம் தம்பி, அப்பாயியிடம் ஒன்று கேட்டு எழுது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் வந்தது துறையூர்ப் பக்கமிருந்தா, முசிறிப் பக்கமிருந்தா? கூட்டாளியின் பாட்டி பார்க்கும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறார். அவருக்குத் துறையூராம்.

அன்பு மகள்