ஏழு மாத மேயர்: செர்பிய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெல்கிரேட், நோவி சாட், நிஷ், க்ராகுயேவட்ஸ் பல்கலைக்கழகங்களின் மாணவர் அவைகளுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். உங்களில் யாரும் இதை வாசிக்கப்போவதில்லை. ஆனாலும் உங்கள் போராட்டத்தைத் தமிழில் கவனித்துவரும் கொஞ்சப் பேர் இருக்கிறோம். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் உங்களைப் பார்த்துப் பேசுகிறேன்.

2024 நவம்பர் 1 அன்று நோவி சாட் ரயில் நிலையத்தின் கான்கிரீட் கூரை சரிந்து 16 பேர் இறந்தார்கள். புதுப்பிப்பு வேலை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையம் அது. ஆவணங்களை வெளியிடு, பொறுப்பானவர்களை நீதிமன்றத்தில் நிறுத்து என்றுதான் தொடங்கினீர்கள். 2025 மே மாதத்தில் முன்கூட்டியே நாடாளுமன்றத் தேர்தல் வேண்டும் என்றீர்கள். அந்த நாளோடு உங்கள் வேலையே மாறிவிட்டது. அதுவரை கேட்பது வேலை. இனி ஜெயிப்பதும், ஜெயித்ததைக் கையில் வைத்திருப்பதும் வேலை. இரண்டாவதுதான் கடினம் என்பதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு மனிதரின் வரலாறு கிடக்கிறது.

ஜோரான் ஜிஞ்ஜிச் பெயரை எடுத்தாலே பேச்சு 2003 மார்ச் 12க்குப் போய்விடுகிறது. பிரதமராக இருந்தவரை அரசுக் கட்டட வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவரை நினைத்து மக்கள் நடக்கிறார்கள். நடக்க வேண்டியதுதான். ஆனால் பிரதமரின் மரணம் மேயரின் கதையை மூடிவிட்டது என்பது என் குறை. அவர் 1997இல் பெல்கிரேட் மேயராக இருந்தது ஏழு மாதமும் சில நாட்களும். உங்களுக்கு இப்போது தேவையான பாடம் அந்த ஏழு மாதங்களில்தான் இருக்கிறது.

1996 நவம்பர் 17 அன்று உள்ளாட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. வுக் டிராஷ்கோவிச்சின் செர்பிய மறுமலர்ச்சி இயக்கம், ஜிஞ்ஜிச்சின் ஜனநாயகக் கட்சி, வெஸ்னா பெஷிச்சின் குடிமக்கள் கூட்டணி மூன்றும் சேர்ந்த 'ஸயெத்னோ' (ஒன்றாக) அணி பெல்கிரேட், நிஷ், நோவி சாட், க்ராகுயேவட்ஸ், சாச்சாக் என்று பெரிய நகரங்களைப் பிடித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டே வாரங்களுக்கு முன் நடந்த யூகோஸ்லாவியக் கூட்டாட்சித் தேர்தலில் இதே அணி நன்றாகத் தோற்றிருந்தது. அன்றைய செர்பிய அதிபர் மிலோசெவிச்சின் அரசு வாக்குப்பெட்டியோடு மல்லுக்கட்டவில்லை. தேர்தல் குழுக்களையும் நீதிமன்றங்களையும் கொண்டு முடிவுகளை ரத்து செய்தது.

பிறகு நடந்தது உங்கள் பெற்றோருக்கு மனப்பாடம். மூன்று மாதம், உறைபனியில், தினமும் ஊர்வலம். மாலை ஏழரை மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கினால் ஜன்னலுக்கு ஜன்னல் பாத்திரத்தைத் தட்டினார்கள், அந்தச் செய்தி யார் காதிலும் விழக்கூடாது என்று. 2025இல் அதே தொலைக்காட்சி நிலையத்தை நீங்கள் மறித்தபோது எனக்கு அந்தப் பாத்திரச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. கொலார்ச்செவா தெருவில் காவல்துறை வரிசை கட்டி வழியை அடைத்தது. எதிரே மாணவர்களும் வரிசை கட்டி, ஒரு வாரத்துக்கும் மேலாக இரவு பகலாக அசையாமல் நின்றார்கள். ஜனவரி 27, புனித சாவா திருநாளன்று, செர்பியத் திருச்சபைத் தலைவர் பாவ்லே தலைமையில் போன ஊர்வலத்துக்குத்தான் வழி திறந்தது. அப்போதும் மாணவர் போராட்டம் தனி, கட்சிகளின் போராட்டம் தனி. கட்சிகளிடமிருந்து எட்ட நிற்க வேண்டும் என்ற உங்கள் பிடிவாதம் நேற்று முளைத்ததில்லை.

ஜிஞ்ஜிச்சும் மாணவர் அரசியலில் முளைத்தவர்தான். தத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆளும் கட்சியைச் சாராத மாணவர் அமைப்பொன்றைக் கட்ட முயன்றார் என்று 1974இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அதன்பிறகு ஜெர்மனிக்குப் போய், கொன்ஸ்டான்ஸில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர்.

ஃபெலிப்பே கொன்சாலெஸ் தலைமையில் வந்த ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் குழு, எதிரணி ஜெயித்தது உண்மை என்று சொன்னது. 1997 பிப்ரவரி 11 அன்று ஒரு சிறப்புச் சட்டம் போட்டு மிலோசெவிச் இறங்கிவந்தார். பிப்ரவரி 21 அன்று ஜிஞ்ஜிச் மேயரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்டுகள் வழியில் வராத முதல் பெல்கிரேட் மேயர். நகர அவைக் கட்டடத்தின் உச்சியிலிருந்த ஐந்துமுனை நட்சத்திரம் இறக்கப்பட்டது. அது சுலபம். காவல்துறையும் அரசுத் தொலைக்காட்சியும் கருவூலமும் மிலோசெவிச்சிடமே இருந்தன. புது மேயரின் வசம் சொந்தமாக இருந்த பெரிய பலம் நகரத்தின் 'ஸ்டூடியோ பி' தொலைக்காட்சியும் அவையில் இருந்த பெரும்பான்மையும். பெரும்பான்மை என்றால் டிராஷ்கோவிச்சின் ஆட்கள்.

மிலோசெவிச்சுக்குச் செர்பிய அதிபராக இன்னொரு முறை நிற்க வழியில்லை. ஜூலையில் யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் அதிபர் நாற்காலிக்கு மாறிக்கொண்டார். காலியான இடத்துக்கு யார் நிற்பது? தான்தான் பொது வேட்பாளர், அப்படித்தான் உடன்பாடு என்றார் டிராஷ்கோவிச். நியாயமான தேர்தலுக்கான நிபந்தனைகள் இல்லாமல் களத்தில் இறங்கக்கூடாது, புறக்கணிக்க வேண்டும் என்றார் ஜிஞ்ஜிச். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று இன்றும் இரு பக்கத்தாரும் வாதாடுவார்கள். விசிலும் பாத்திரமுமாகத் தெருவில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. கோடைக்குள் கூட்டணி உடைந்தது.

செப்டம்பர் 21 அன்று தேர்தல். டிராஷ்கோவிச் மூன்றாமிடம், மிலோசெவிச்சின் வேட்பாளர் லிலிச்சும் தீவிர தேசியவாத ராடிக்கல் கட்சியின் ஷெஷெலும் முந்திவிட்டார்கள். ஒன்பதே நாளில், செப்டம்பர் 30 அன்று, டிராஷ்கோவிச்சின் நகர அவை உறுப்பினர்கள் மிலோசெவிச்சின் சோஷலிஸ்டுகளோடும் ஷெஷெலின் ஆட்களோடும் சேர்ந்து கைதூக்கி, ஜிஞ்ஜிச்சை மேயர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதே கையோடு 'ஸ்டூடியோ பி' நிர்வாகமும் மாற்றப்பட்டது. இதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. பனிக்காலம் முழுக்க மிலோசெவிச்சால் பிடுங்க முடியாத நகரத்தை, கூடவே நடந்தவர்களே ஒரு வாக்கெடுப்பில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

பழி டிராஷ்கோவிச்சுக்கு மட்டும்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. புறக்கணிப்பு அரசியலாகப் பொய்த்துவிடவும் இல்லை: அடுத்த சுற்றில் ஷெஷெல் முந்தினாலும் வாக்குப்பதிவு பாதியை எட்டாததால் தேர்தலே செல்லாமல் போனது. ஆனால் டிசம்பரில் மறுபடி நடத்தி மிலோசெவிச்சின் இன்னொரு ஆளான மிலுட்டினோவிச்சை உட்கார வைத்துவிட்டார்கள். ஜிஞ்ஜிச் கொள்கையில் சரியாக இருந்திருக்கலாம். தன் நாற்காலி யாருடைய தோளில் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்காமல் அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டார். நகரம் போனது.

ஆனால் பெல்கிரேட்டையே பார்த்துக்கொண்டிருப்பதும் தப்பு. இதை உங்களிடம் அழுத்திச் சொல்ல ஆசை, ஏனென்றால் வெளிநாட்டுச் செய்திகளில் உங்கள் போராட்டமும் பெல்கிரேட்டின் ஆளில்லா விமானப் படமாகத்தான் வருகிறது. 1997இல் கைக்கு வந்த மற்ற ஊர்களில் பல நிலைத்தன. நிஷ் நகரில் ஜனநாயகக் கட்சியின் ஜோரான் ஜிவ்கோவிச் மேயராக இருந்தார்; சாச்சாக்கில் வெலிமிர் இலிச். உள்ளூர் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் அந்த ஊர்களில் மூச்சுவிட்டன. மிலோசெவிச் ஆட்சி வீழ்ந்த 2000 அக்டோபர் 5 அன்று காவல்துறைத் தடுப்புகளை மண்வாரி எந்திரத்தால் தள்ளிக்கொண்டு பெல்கிரேட்டுக்குள் வந்தது இலிச்சின் சாச்சாக் வாகன வரிசை. ஜிஞ்ஜிச் கொல்லப்பட்ட பிறகு பிரதமரானவர் நிஷ் மேயராக இருந்த ஜிவ்கோவிச்.

ஜிஞ்ஜிச்சும் 1997ஐ மறக்கவில்லை. 2000இல் மிலோசெவிச்சுக்கு எதிராக 18 கட்சிகள் சேர்ந்தபோது, தனக்கு மக்களிடம் எதிர்ப்பு அதிகம் என்று தெரிந்தே பின்னால் நின்று, கொஷ்துனித்சாவைக் கூட்டாட்சி அதிபர் வேட்பாளராக்கிப் பிரசாரத்தை நடத்தினார். டிராஷ்கோவிச் கட்சி அப்போதும் தனியே போனது. அவர்களுடைய வேட்பாளர், அன்றைய பெல்கிரேட் மேயர் மிஹைலோவிச், சொற்ப வாக்குகளோடு கரைந்தார். டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் 250 இடங்களில் 176 ஜிஞ்ஜிச் அணிக்கு. 2001 ஜனவரியில் பிரதமர். அதே ஆண்டு ஜூன் 28இல் மிலோசெவிச் ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டார். கொஷ்துனித்சாவோடும் சில மாதங்களில் முறிந்தது. ஆக, பாடத்தைப் பாதிதான் படித்தார் என்றும் சொல்லலாம். சிறப்புக் காவல் பிரிவும் ஜெமுன் என்ற குற்றக் கும்பலும் சேர்ந்து அவரை எப்படிக் கொன்றன என்பது உங்கள் நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பின்னாலிருந்த அரசியல் கைகளைத் தேடும் விசாரணைதான் பாக்கி.

இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கட்சிக்காரர்கள் உங்கள் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் இல்லை, மாணவர்கள் வேட்பாளர்கள் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவருகிறீர்கள். டிராஷ்கோவிச்சும் ஜிஞ்ஜிச்சும் இல்லாத பட்டியல் என்றால் சண்டை வராது என்று எண்ணிவிடாதீர்கள். பேராசிரியர்களும் மருத்துவர்களும் நடிகர்களும் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர்களுக்கும் அடுத்த நாற்காலி கண்ணில் படும். எனவே வாக்குப்பதிவுக்கு முன்பே சிலவற்றை எழுதி, உங்கள் அவைகளில் வாசித்து, ஊரறிய ஒட்டுங்கள். ஜெயித்தால் பிரதமர் யார், எவ்வளவு காலத்துக்கு? அதிபர் தேர்தல் வந்தால் வேட்பாளரை யார், எந்த முறையில் தீர்மானிப்பது? பட்டியலில் ஜெயித்தவர் எதிரணியோடு சேர்ந்து கைதூக்கினால் என்ன? பொதுத் தொலைக்காட்சி நிர்வாகத்தை ஒரு நாள் வாக்கெடுப்பில் மாற்ற முடியாதபடி என்ன ஏற்பாடு? அரசைப் பிடிக்காமல் நாலைந்து ஊராட்சிகள் மட்டும் கையில் வந்தால் அவற்றை யார் நடத்துவது?

கடைசிக் கேள்வியை நோவி சாட் அவையும் நிஷ் அவையும் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் இந்தப் பதில்களும் கூடவே வெளிவரட்டும்.

அன்புடன்,
தொலைவிலிருந்து உங்களைக் கவனித்துவரும் ஒரு தமிழ் வாசகர்