கை தூக்கினவர்கள் எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் கிறிஸ்தவ மாணவர் ஊழியம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே இரவுக் கூட்டத்தில் இத்தனை பேர் கை உயர்த்தி இயேசுவுக்குத் தங்களை அர்ப்பணித்தார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தீர்கள். விடுதி ஜெபக்குழுவில் வளர்ந்தவன், இன்றும் மாணவர்களோடு வேதம் படிக்க உட்காருகிறவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், அந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றுமே சொல்லிவிட முடியாது. விளக்கை மங்கலாக்கி, கடைசிப் பாட்டின் பல்லவியை நாலு தரம் பாடினால், முதல் தடவையாக வீட்டை விட்டு வந்து அரியர் பயத்தில் தவிக்கிற எந்தப் பையனும் கை தூக்குவான். அவன் தூக்கினது பொய் என்று சொல்லவில்லை. அடுத்த செமஸ்டரில் அவனோடு உட்கார யார் இருக்கிறார்கள்?

பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. முகம் பழகுவதற்குள், மாணவர்கள் நடுவே முழுநேரமாக ஊழியம் செய்கிறவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆதரவாளர்களுக்கு அனுப்பும் மாத அறிக்கையில், ‘இரண்டு பையன்களோடு வேதத்தில் ரோமர் நிருபம் எட்டாம் அதிகாரம் வரை வந்திருக்கிறோம், ஒருவனுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை’ என்று எழுதினால் யார் காணிக்கை அனுப்புவார்கள்? மேடை போட்டோ வந்தால்தானே நமக்குக் கை ஜிபேக்குப் போகிறது.

கேம்பிரிட்ஜில் சார்லஸ் சிமியோன் என்று ஒரு போதகர் இருந்தார். 1782-இல் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு அவரை நியமித்தபோது சபையார் கேட்டிருந்தது வேறு ஆளை. ஆலய இருக்கைகளுக்குக் கதவும் பூட்டும் இருந்த காலம் அது, ஆளாளுக்குத் தங்கள் இருக்கையைப் பூட்டிவிட்டு வராமல் நின்றுவிட்டார்கள், பிரசங்கம் கேட்க வந்த மற்றவர்கள் நடைபாதையில் நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது, அதுவும் வருஷக்கணக்கில். மாணவர்கள் வேறு கேலி செய்தார்கள். மனுஷன் அசையவில்லை. 1836-இல் சாகும்வரை 54 வருஷம் அதே ஆலயம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாணவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்பார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அவரிடம் வளர்ந்த ஹென்றி மார்ட்டின் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவர், 1806-இல் கல்கத்தா வந்து புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்துவிட்டு 31 வயதில் இறந்துபோனார். அதே வட்டத்திலிருந்து வந்த டேனியல் காரி 1835-இல் சென்னையின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். சிமியோன் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. அவர் மாத அறிக்கை அனுப்பியிருந்தால் ஆரம்ப வருஷங்களில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, நம் ஊருக்கு வருவோம். கல்லூரியில் கிட்டார் வாசித்து, இயேசு தன்னை மாற்றினார் என்று சாட்சி சொன்ன பையன், வேலைக்குப் போய் நாலைந்து வருஷம் கழித்துப் பெண் பார்க்கப் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா ‘எத்தனை பவுன் போடுவீங்க’ என்று கேட்கும்போது அவன் பஜ்ஜித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறானா, ‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்று வாய் திறக்கிறானா? எனக்கு அந்தக் கணக்குதான் வேண்டும். உங்கள் பத்திரிகையின் வரன் பகுதியையே எடுத்துப் பாருங்களேன். ‘இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை’ என்று போட்டு, அடுத்த வார்த்தையிலேயே சாதியைப் போடுகிறவர்களில் எத்தனை பேர் முகாம்களில் கை தூக்கினவர்களோ. திருமண்டல (சபை நிர்வாக) தேர்தல் நேரத்தில் அணி பிரிந்து நிற்கிறவர்களைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கூட்டத்தில் வந்து நிலைத்தவர்களும் உண்டு. ஆனால் அப்படி நிலைத்தவர்களை விசாரித்தால், பெரும்பாலும் பின்னால் ஒரு சீனியர் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு மெஸ் வாசலில் உட்கார்ந்து பேசினவர்கள், செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் திட்டு வாங்கினவர்கள். இவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது.

வேலையில் இருக்கிற பழைய மாணவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், உள்ளூர் ஊழியரின் வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் பங்கு போட்டு ஏற்றுக்கொண்டால் அவர் எட்டுப் பத்து வருஷம் ஒரே ஊரில் இருக்கலாம். பதிலுக்கு அவரிடம் போட்டோ கேட்கக் கூடாது. தலைமை அலுவலகங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம்தான். அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை