கிராம அபிவிருத்திச் சங்கம் – 2025 ஆண்டறிக்கை (செயலாளர்)

தலைவர், விதானையார், மிட்வைப் (மருத்துவிச்சி) மிஸ், வந்திருக்கிற உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். இந்த வருச அறிக்கையில முக்கால்வாசி கிளினிக் கட்டடம்தான், மத்ததெல்லாம் கடைசியில ரெண்டு வரி.

2024 நவம்பர் கடைசி மழையில குளம் நிரம்பி வான் வழியா வழிஞ்ச தண்ணியும் மட்டக்களப்பு வாவித் தண்ணியும் ஒண்டாச் சேர்ந்து, வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில எங்கட பக்கம் ஏறினது தெரியும்தானே. கிளினிக்குள்ள ஜன்னல் மட்டத்துக்கு நிண்டது. வத்தின பிறகு அலுமாரியைத் திறந்தா கர்ப்பிணித் தாய்மார்ட பதிவுக் கொப்பியெல்லாம் ஊறிப் பொம்மி தட்டோட இறுகிக் கிடக்கு, மிஸ் ஒவ்வொரு தாளா உரிச்சுக் கொடியில காயப்போட்டவ, மை கரைஞ்ச பேரை எல்லாம் வீடு வீடாப் போய்த் திரும்ப எழுதினவ. கட்டடம் சரிவரும் மட்டும் கிளினிக் நடந்தது கோயில் மண்டபத்துல. திருவிழாக் காலத்துலயும் முகம் சுழிக்காம இடம் தந்த நிருவாகத்துக்கு நன்றி.

வேலையைச் சங்கத்துக்கே கொந்தராத்தாத் தந்தாங்க. பழைய கட்டடத்துட நிலத்தையும் உயர்த்துவம் எண்டுதான் நாங்க கேட்டது, ஆனா நிலத்தை ரெண்டரை அடி உயர்த்தினா கதவு நிலைக்குள்ள ஆள் குனிஞ்சுதான் போகணும், அப்ப கதவுக்கு மேல இருக்கிற லிண்டலை உடைக்கணும், கூரையைக் கழட்டணும், அதுக்கு இடிச்சுக் கட்டுறது மலிவு, ஆனா காசு வந்தது 'புனரமைப்பு' எண்டு, இடிக்க ஏலாது! கடைசியில டீஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஐயா சொன்ன வழி எனக்கும் சரியாப் பட்டது: பழைய அறை இருந்த மட்டத்துலயே பூச்சுக் கொத்திப் பூசி காத்திருக்கிற மண்டபம், பின்பக்கம் புதுசா ரெண்டரை அடி உயரத்துல அறை, கொப்பி, தராசு, மருந்து எல்லாம் அங்க. கதிரை நனைஞ்சாக் கழுவலாம், கொப்பியைக் கழுவ ஏலாதுதானே.

சண்டை வந்தது சாய்வுப் பாதையிலதான். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் எண்டது கணக்கு, ரெண்டரை அடிக்கு 30 அடி, வளவு அவ்வளவு நீளமில்ல, மடிச்சுத்தான் கட்டணும். "நாலு படி கட்டினாக் காணும்தானே கா, எதுக்கு இவ்வளவு கொங்கிறீட்" எண்டு கூட்டத்துல கேட்டாங்க. மிஸ் பெரிசா ஒண்டும் பேசல்ல, "ஒம்பது மாசக்காரி ஒராளைக் கூட்டி வாறன், நீங்க கைபிடிச்சு ஏத்துங்க" எண்டா. அதோட பேச்சு முடிஞ்சுது. அந்தப் பாதைக்கு முன்னுக்கு நிண்ட வேம்பைத் தறிச்சதுதான் எனக்கு இப்பவும் மனசுக்குச் சரியில்ல.

மேசன்மாருக்கு வேளாண்மை வெட்டு வந்தா ஆள் பிடிக்க ஏலாது, அதால வேலை இழுபட்டது. மண் விலை பத்திப் பொருளாளர் சொல்லுவார், நான் சொன்னா கோவம் வரும்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து பார்த்திட்டுப் போனது. மண்டபத்துக்குள்ள கணுக்கால் தண்ணி, புது அறைக்குள்ள சொட்டில்ல. ஆனா வளவை கிரவல் போட்டு உயர்த்தினதால தண்ணி பக்கத்து வளவுக்குள்ள திரும்பிட்டு, அவங்கட அடுப்படி வரைக்கும். அவங்க முறைப்பாடு ஞாயமானது. வேலியோட ஒரு கான் (வடிகால்) வெட்டி றோட்டு மதகுல விடணும், மதகும் அடைஞ்சுதான் கிடக்கு. பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியிருக்கு, அதுக்கிடையில கானை நாங்களே சிரமதானத்துல வெட்டுறதா எண்டு இண்டைக்கு முடிவெடுக்கணும்.

மத்தது: மரண உதவி வழமை போலக் குடுத்தாச்சு. சந்தா பாக்கி உள்ளாக்கள் கூட்டம் முடிய பொருளாளரைச் சந்திக்கவும்.

செயலாளர்