வாலிபால் பிள்ளைகளை டிராக்கிலும் ஓடவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் பள்ளி வாலிபால் அணியில் அட்டாக்கர், அதாவது வலையருகே எழும்பிப் பந்தை ஓங்கி ஸ்மாஷ் அடிப்பவள். குறுவட்டப் போட்டிக்கு 100 மீட்டர், உயரம் தாண்டுதல் இரண்டுக்கும் பெயர் கொடுக்கப் போனவளை, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வேண்டாம், வாலிபாலை மட்டும் பாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளி, கல்லூரி என்று எட்டு வருடம் இந்த ஆட்டத்தை ஆடியவள் நான். இது தவறு.

ஸ்மாஷ் அடிக்க ஓடி வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று நான்கு எட்டு எடுத்து வைப்பதுதான். அதில் கடைசி இரண்டு எட்டும் சட்டென்று விழ வேண்டும், அப்போதுதான் முன்னால் போகிற வேகம் ஆளை மேலே தூக்கும், 2.24 மீட்டர் வலைக்கு மேல் கை போகும். உயரம் தாண்டுபவர்கள் ஒற்றைக் காலில் எழும்புகிறார்கள், நாம் இரண்டு காலில் எழும்புகிறோம், ஆனால் அவர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து திருத்துவதும் அதே கடைசி எட்டுகளைத்தான். அமெரிக்காவின் டெஸ்டினி ஹூக்கர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது உயரம் தாண்டுதலில் கல்லூரிகளுக்கான தேசிய சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வாலிபாலில் வெள்ளி வாங்கிய அணியின் முக்கிய அட்டாக்கரும் அவர்தான்.

அப்புறம் ஓட்டம். வாலிபால் பிள்ளைகளை ஓடச் சொன்னால் மைதானத்தைப் பத்து ரவுண்டு சுற்றவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கோர்ட் 9 மீட்டருக்கு 9 மீட்டர், எந்தப் பந்துக்கும் நாலைந்து எட்டில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அங்கே முதல் எட்டு தாமதமானால் பந்து தரையில்தான். அதற்கு வேண்டியது 20, 30 மீட்டர் ஸ்டார்ட் பயிற்சி, நடுவில் நன்றாக ஓய்வு. சில வினாடி பாய்ச்சல், கொஞ்சம் மூச்சு வாங்கல், மறுபடி பாய்ச்சல் என்றுதானே ஆட்டமே நடக்கிறது? ஸ்பிரிண்ட் ஓடுகிற பிள்ளைக்கு அது பழகிய விஷயம்.

முழங்கால் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பல பள்ளிகளில் கோர்ட் சிமெண்ட் தரை. காலையில் தாண்டுதல், மாலையில் மேட்ச் என்று ஒரே நாளில் போட்டால் முழங்காலுக்குக் கீழே வலி வரும், அந்த வலியோடு ஆடவிடக் கூடாது. நாள் பிரித்துக் கொடுத்தால் சரி.

தடகளப் பட்டியல் அனுப்ப இன்னும் சில நாள் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஓட ஆசைப்படும் வாலிபால் பிள்ளைகளின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தூத்துக்குடி