ஆர்க்டிக்குப் போகும் கப்பல் எதை எரிக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் வட ஐரோப்பாவையும் ஆர்க்டிக் கடலையும் சுற்றி வரும் சொகுசுக் கப்பல் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நள்ளிரவுச் சூரியனையும், நார்வேயின் ஃபியோர்டுகளையும் (செங்குத்து மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு செல்லும் குறுகிய கடற்கால்கள்), ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் பனியாறுகளையும் கட்டுரையாளர் அழகாக எழுதியிருந்தார். கப்பலின் நீச்சல் குளங்கள், உணவகங்கள், கட்டணங்கள் எல்லாம் விரிவாக இடம்பெற்றிருந்தன. ஆனால் அந்தக் கப்பல் எவ்வளவு பெரியது, எந்த எண்ணெயை எரிக்கிறது, அது போய் நிற்கும் ஊர் எவ்வளவு சிறியது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 34 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் நான். 2018 ஜூலையில் மனைவியுடன் ஏறக்குறைய அதே வழியில் பயணியாகவும் போய் வந்தேன். விடுபட்டதை எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

நாங்கள் ஏறியது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைக் கொள்ளும் கப்பல். ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் புறப்பட்டு, பெர்கன், கெய்ராங்கர், ட்ராம்சோ வழியாக வடக்கே ஏறினோம். நார்வேயின் வடமுனையான நார்த் கேப்பில் 307 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையின் மேல் நின்று, இரவு பன்னிரண்டு மணிக்கு வெயிலைப் பார்த்தோம். மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. கடல் விளிம்புவரை இறங்கி வந்து, அதைத் தொடாமலேயே மறுபடி மேலேறிய அந்தச் சூரியனை நோக்கி என் மனைவி கைகூப்பி நின்றதை நான் மறக்க மாட்டேன். ஆகவே அங்கே யாரும் போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

என் மனத்தை உறுத்தியது கெய்ராங்கர். சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஃபியோர்டு 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் உள்முனையில் இருக்கும் சிற்றூரில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். நாங்கள் நங்கூரமிட்ட காலையில் எங்களுக்கு முன்பே இரண்டு பெரிய கப்பல்கள் வந்து நின்றிருந்தன. காற்று அசையவில்லை. மலைச்சுவரின் பாதி உயரத்தில், நீலமும் சாம்பலும் கலந்த ஒரு படலம் கோடு கிழித்ததுபோல் தங்கியிருந்தது. மேல்தளத்தில் நின்றவர்கள் அதை மூடுபனி என்று எண்ணிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அது புகை. பயணிகள் கரையேறிப் போய்விட்டாலும் பெருங்கப்பலின் இயந்திரங்கள் ஓய்வதில்லை. சமையலறை, குளிர்சாதனம், சலவையகம், விளக்குகள், பம்புகள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சில மெகாவாட் மின்சாரம் வேண்டும், அதைக் கப்பலின் ஜெனரேட்டர்கள்தான் இடைவிடாமல் தர வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகளுக்கு நடுவே, கீழே குளிர்ந்த காற்றும் அதன்மேல் மூடிபோட்டதுபோல் வெதுவெதுப்பான காற்றும் நிற்கும் நாள்களில், அந்தப் புகை வெளியேற வழியே கிடையாது. வாழ்நாளெல்லாம் புகைபோக்கியின் அடியில் வேலை செய்தவன், அதன் மேல்முனையில் நடப்பதை அன்றுதான் ஒரு கிராமத்தாரின் இடத்தில் நின்று பார்த்தேன்.

இதற்குப் பின்னால் ஒரு எல்லைக்கோடு இருந்தது. பால்டிக் கடலிலும் வட கடலிலும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2015 முதல் விதி. ஆனால் வட கடலுக்கான அந்த எல்லை 62 பாகை வட அட்சத்தோடு முடிந்துவிடுகிறது. கெய்ராங்கர் அதற்குச் சற்றே வடக்கில் இருக்கிறது. கோட்டைத் தாண்டியதும் கந்தகம் மிகுந்த மலிவான எண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நார்வே அரசு 2019 மார்ச்சில் தன் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைத்தது. நார்வே கடல் முழுவதற்குமான 0.1 விழுக்காட்டு வரம்பு 2027 மார்ச்சிலிருந்துதான் பொருந்தும். அந்த ஃபியோர்டுகளுக்குள் கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியிடாமல்தான் வர வேண்டும் என்ற விதி 10,000 மொத்த டன்னுக்கு (இது எடையல்ல, கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவு) குறைந்த பயணிக் கப்பல்களுக்கு 2026 முதலும், அதைவிடப் பெரியவற்றுக்கு 2032 முதலும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றம் 2018-இல் எல்லாக் கப்பல்களுக்கும் 2026 என்றே கேட்டிருந்த நிலையில், அதிகம் புகைப்பவற்றுக்கு ஆறாண்டு கூடுதலாகக் கொடுத்தது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கப்பலில் ஸ்க்ரப்பர் பொருத்தியிருக்கிறோம், எங்கள் புகை சுத்தமானது என்று சில நிறுவனங்கள் சொல்லும். திறந்தமுறை ஸ்க்ரப்பர் புகையைக் கடல்நீரால் கழுவி, கந்தகமும் கன உலோகங்களும் கலந்த அமிலநீரைக் கடலிலேயே விட்டுவிடுகிறது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜூலை முதல் தங்கள் கடல் எல்லைக்குள் இந்தக் கழுவுநீரைத் தடைசெய்திருப்பதே போதிய சான்று. கரையிலிருந்து மின்சாரம் வாங்கி இயந்திரங்களை நிறுத்திவிடுவதுதான் உண்மையான தீர்வு. பெர்கன் துறைமுகத்தில் 2020 முதல் ஒரே நேரத்தில் மூன்று சொகுசுக் கப்பல்கள் அவ்வாறு இணைந்துகொள்ள வசதி இருக்கிறது. நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால் அதன் பயன் முழுமையானது.

ஸ்வால்பார்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. நாங்கள் ஹெவி ஆயில் என்று சொல்லும் கன எரியெண்ணெய் தார்போலக் குழைந்து கிடக்கும். நூறு பாகைக்கு மேல் சூடாக்கிய பிறகே அதை இயந்திரத்துக்குள் செலுத்துவோம். அது ஆர்க்டிக் நீரில் கொட்டினால் எளிதில் ஆவியாகாது, கரையாது. பனிக்கட்டிகளுக்கு இடையில் சிக்கி நெடுங்காலம் தங்கிவிடும். எரித்தால் எழும் கரித்துகள் வெண்பனிமேல் படிந்து, அதைக் கருக்கச் செய்து, வெயிலை அதிகம் உறிஞ்சவைத்து உருக்கும். 1979-க்குப் பிறகு உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறிவரும் பகுதி அது. நார்வே 2022 ஜனவரி முதல் ஸ்வால்பார்டைச் சுற்றியுள்ள தன் கடல் எல்லை முழுவதிலும் இந்த எண்ணெயைத் தடைசெய்துவிட்டது. ஆர்க்டிக் முழுவதற்குமான பன்னாட்டுத் தடை 2024 ஜூலையில் வந்தாலும், அதில் 2029 வரை செல்லும் விலக்குகள் இருக்கின்றன.

2025 தொடக்கத்திலிருந்து ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டரும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். ஆகவே மூவாயிரம் பேர் செல்லும் கப்பலின் விளம்பரத்தில் பனிக்கரடியின் படம் இருந்தால், அந்தப் படத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்கப்பல் பெரும்பாலும் ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனோடு திரும்பிவிடும். அங்கே வாழ்பவர்கள் சுமார் 2,500 பேர். நாங்கள் இறங்கிய அன்று ஊர்க்காரர்களைவிடப் பயணிகளே அதிகம்.

அத்தனை பேரைச் சுமந்த கப்பலுக்கு அங்கே ஆபத்து நேர்ந்தால் யார் வருவார்கள் என்பதையும் எண்ண வேண்டும். 1989 ஜூனில் 'மாக்சிம் கோர்க்கி' என்ற சோவியத் பயணிக் கப்பல் ஸ்வால்பார்டுக்கு அருகே பனிக்கட்டியில் மோதியது. அதிலிருந்த சுமார் 950 பேரில் பலர் உயிர்காப்புப் படகுகளிலும் பனிப்பாளங்களின் மேலும் காத்திருந்தார்கள். சில மணி நேரப் பயணத் தொலைவில் நார்வே கடலோரக் காவல் கப்பல் 'சென்யா' இருந்ததால் அனைவரும் உயிர் பிழைத்தார்கள். அந்தக் காவல் கப்பல் அன்று வேறெங்காவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி கடலில் வேலை பார்த்த எவருக்கும் எழும்.

நான் பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமல் திரும்பியது ஸ்வால்பார்டில் உள்ள நை-அலெசுண்ட் என்னும் ஆய்வுக் குடியிருப்பு. அங்கேதான் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 ஜூலையிலிருந்து இயங்குகிறது. அதையொட்டிய காங்ஸ்ஃபியோர்டில் 2014-இல் கடலுக்கடியில் நிறுத்தப்பட்ட 'இண்டார்க்' என்னும் கருவித்தொகுதியை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆர்க்டிக் நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் மாறுவதை அது அளக்கிறது. நம் பருவமழைக்கும் அந்த மாற்றத்துக்கும் உள்ள உறவை ஆராய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. நம்மூர்ப் பொறியாளர்கள் அந்த நீரை அளந்துகொண்டிருக்கும்போது, நாம் கட்டணம் கொடுத்து ஏறும் கப்பல் அதே நீரைக் கெடுக்கக் கூடாது அல்லவா?

மாற்று வழி இருக்கிறது. பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கரையோரக் கப்பல் சேவை 1893 முதல் நடந்துவருகிறது. அதில் சரக்கும் உள்ளூர் மக்களும் பயணிகளும் சேர்ந்தே போகிறார்கள். போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள்கள் ஆகும். அந்த வழியில் ஓடும் ஹாவிலா நிறுவனத்தின் கப்பல் ஒன்று 2022 ஜூனில் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் மின்கலத்தை மட்டுமே கொண்டு சென்று வந்தது. கூத்தரங்கமும் நீர்ச்சறுக்கும் அவற்றில் இல்லை. நள்ளிரவுச் சூரியன் அங்கிருந்தும் தெரியும்.

விசா குறித்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்வால்பார்ட் நார்வேக்கு உரியதென்றாலும் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதி) அடங்காது. அங்கே போய்த் திரும்புகிறவர் ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகவே கொள்ளப்படுவார். எங்களோடு வரவிருந்த ஓர் இணையருக்கு அவர்களுடைய பயண முகவர் ஒருமுறை நுழைவு விசாவே போதும் என்று சொல்லியிருந்தார். கீல் துறைமுகத்தில், பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்திலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியப் பணத்தில் வந்தவர்கள். அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் வழியாகப் போகும் கப்பல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை டென்மார்க்கைச் சேர்ந்தவையானாலும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அந்தந்த இடத்துக்குச் செல்லும் என்ற குறிப்பு விசாவில் தனியே வேண்டும்.

அடுத்த கோடைக்கான பயண இணைப்பைத் தயாரிக்கும்போது, ஒவ்வொரு கப்பலின் பெயருக்கும் கட்டணத்துக்கும் பக்கத்தில், அது எத்தனை பயணிகளை ஏற்றுகிறது, வடக்கே எந்த எரிபொருளில் ஓடுகிறது, துறைமுகத்தில் கரை மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் வசதி உடையதா, எத்தனை நுழைவுக்கு விசா வேண்டும் என்ற விவரங்களையும் முகவர்களிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். பதில் தர மறுக்கும் நிறுவனங்களின் இடத்தில் 'விவரம் தரப்படவில்லை' என்று அச்சிட்டாலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி.