நான்காவது பெண்ணுக்கும் டிக்கெட் போடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வாள்வீச்சுப் போட்டியில் எங்கள் அணிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் 'கால் பிசகியதால் அணி விலகியது' என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் நின்றவள் என்ற முறையில் மீதியை நான் சொல்கிறேன்.

வாள்வீச்சின் மூன்று வாள் வகைகளில் ஒன்றான சேபரில் குழு ஆட்டம். அணிக்கு மூன்று பேர், ஒன்பது சுற்று, முதலில் 45 புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. ஐந்து சுற்று முடிந்து 25-21 என்று முன்னால் இருந்தோம். ஆறாவது சுற்றில் தோழிக்குக் கணுக்கால் பிசகியது. நடுவர் வந்து, "மாற்று ஆள் யார்?" என்று கேட்டார். யாரும் இல்லை. நாங்கள் இருவர் வாளோடு நிற்க, ஆட்டம் முடிந்துவிட்டது.

மாற்று ஆள் விடுதியில் இருந்தாள். "ஆடுவது மூன்று பேர்தானே" என்று அலுவலகம் பயணப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டது. முந்தின இரவு எங்கள் வாள்களைத் துடைத்து, வாளையும் ஜாக்கெட்டையும் புள்ளிக் கருவியோடு இணைக்கும் ஒவ்வொரு பாடி வயரையும் சோதித்துப் பையில் வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

தயவுசெய்து அணியை நான்கு பேராக அனுப்புங்கள்.

பயிற்சியாளர் சனிக்கிழமை மட்டும் வருகிறார், அதுவும் சொந்தப் பெட்ரோலில். ஜூனிலிருந்து அவருக்குச் சம்பளம் வரவில்லை. அடி பட்டதும் விளக்கு எரியவைக்கும் உலோக இழை போட்ட லாமே ஜாக்கெட் எங்களுக்கு இரண்டுதான். ஒருத்தி கழற்றியதும் வியர்வை காயுமுன் அடுத்தவள் மாட்டுகிறாள். அதில் ஒன்றின் தோள்பட்டையில் துருப் பிடித்திருக்கிறது. அங்கே பட்ட அடிக்கு விளக்கு எரிவதில்லை. வருடாவருடம் எங்கள் ரசீதில் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கிறது. அது எங்கே போகிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?

பவானி தேவி சென்னைப் பெண். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை. 2023-ல் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப் காலிறுதியில் உலகின் முதலிட வீராங்கனையை 15-10 என்று வென்று வெண்கலம் வாங்கினார். விளையாட்டு விழா மேடையில் அவர் பெயரைச் சொல்லும்போது நாங்கள்தான் சத்தமாகக் கைதட்டுகிறோம். அவர் ஆடுவதும் சேபர், நாங்கள் ஆடுவதும் சேபர். மூங்கில் குச்சியில் தொடங்கியதாக அவர் சொன்னது, இன்னொரு தலைமுறையும் குச்சியில் பழகட்டும் என்பதற்காக அல்ல.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரின் பாக்கியும் புது ஜாக்கெட்டும் அடுத்த பருவத்துக்குள் வந்தால்கூடச் சரி. ஆனால் நான்காவது டிக்கெட் இந்த மாதமே வேண்டும். அடுத்த போட்டிக்கான பயண விண்ணப்பத்தில் நான்கு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கையும் அப்படியே வைத்துக் கையெழுத்திட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாள்வீச்சு அணித் தலைவி,
மூன்றாம் ஆண்டு