ஷோபாவைப் பற்றி, உன் பேத்திக்காக

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். காப்பிப் பழம் பறிப்பு முடிகிற நேரம், ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஒண்டிக்கடைப் பக்கம் சாயங்காலமே பனி இறங்கிவிடுகிறது.

பேத்திக்கு சீரியலில் வாய்ப்பு வந்திருக்கிறது, மெட்ராஸுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் நடிகை ஷோபா மாதிரி வர வேண்டும் என்று அவள் சொன்னாளாமே, அதைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

ஷோபா என்றாலே ஜனங்கள் அவள் சாவைத்தான் பேசுகிறார்கள், யார் காரணம் என்று இன்றைக்கும் துப்பறிகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மகாலட்சுமி என்ற பெயரில் 1962-ல் பிறந்தவள், குழந்தையாக இருக்கும்போதே சந்திரபாபு இயக்கிய தட்டுங்கள் திறக்கப்படும் படத்தில் வந்தவள். நாம் நினைவில் வைத்திருக்கிற வேஷங்களில் முக்கால்வாசி 1978-க்கும் அவள் இறந்துபோன 1980 மே 1-ம் தேதிக்கும் நடுவில் செய்து முடித்தவை, அதுவும் தமிழோடு மலையாளத்திலும் சேர்த்து.

முள்ளும் மலரும் கடைசிக் காட்சியை இன்னொரு தரம் பார். கல்யாணத்துக்காக ஊரே கோயிலுக்குப் போகிறது, வழியில் அண்ணன் நிற்கிறான். அவள் அத்தனை பேரையும் விட்டுவிட்டுத் திரும்ப ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். அப்புறம் ரஜினி பேசுவதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம், ஆனால் அந்த ஓட்டத்தில் உண்மை இல்லாமல் போயிருந்தால் அந்த வசனம் எடுபட்டே இருக்காது. பசி படத்தில் குப்பம்மா, காகிதம் பொறுக்குகிறவள், ரிக்‌ஷாக்காரர் மகள். மலையாளக் குடும்பத்துப் பெண் மெட்ராஸ் குடிசைப் பெண்ணாகவே நம் முன்னால் நின்றாள், பூச்சு தெரியாத அந்த முகத்தில் நடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குத்தான் தேசிய விருது, அவளுக்குப் பதினேழு வயசு.

என்னை உறுத்துவது இந்த வயசுதான். அழியாத கோலங்கள் 1979 டிசம்பரில் வந்தது, அதில் அவள் டீச்சர், பையன்கள் அவளைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தவள் மல்லிகா, அந்த வயசுப் பெண்கள் வயிற்றுவலி என்று லீவ் லெட்டரை நீட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் நெளிவார்கள். இவளோ சேலை கட்டிக்கொண்டு நடந்து வந்தால் பெரிய மனுஷியாகவே தெரிந்தாள். நன்றாக நடித்ததாலேயே, சின்னப் பெண் என்பதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். அவள் இறந்தபிறகு 1980 நவம்பரில் மூடுபனி வந்தது. இளையராஜாவின் நூறாவது படம் என்று பேசுகிறோம், 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறோம். திரையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் அப்போதே இல்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், திறமை இருக்கிற பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் டி.ஆர்.சுந்தரம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் மாசச் சம்பளம் கொடுத்து ஒரே காம்பவுண்டுக்குள் படம் எடுத்த காலமாக இருந்தால் இங்கேயே பஸ் பிடித்துப் போய்வந்திருப்பாள். இப்போது ஏற்காடு ரோட்டில் அதன் வாசல் வளைவுதான் மிச்சம். சீரியல் என்பது ஒரு படம் மாதிரி முடிந்துபோகிற காரியம் இல்லை, வருஷக்கணக்கில் இழுக்கும்.

அதனால் மாசத்தில் எத்தனை நாள் ஷூட்டிங், ராத்திரி எத்தனை மணி வரை, திரும்ப வண்டி உண்டா, பணம் எப்போது வரும், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. அவளுக்கு எந்த வயசுப் பெண் வேஷம், அதையும் கேள். இந்த வயசிலேயே ரெண்டு பிள்ளைக்குத் தாயாக நடிக்கச் சொன்னால் கொஞ்சம் யோசி. படிப்பை விடச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், முடியாது என்று சொல்லிவிடு. கூட யார் போய் இருப்பது என்பதை உன் மகனும் மருமகளும் இப்போதே முடிவு செய்யட்டும், நீ மட்டும் அலைய முடியாது, உன் முழங்கால் கேட்காது.

பேத்தியை ஒரு சனிக்கிழமை இங்கே அழைத்து வா. பசி படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல், அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
சரோஜா